முதல் ஆல்-கிரெய்ன் பீர்: 10 லிட்டருக்கு ரெசிபியும் தண்ணீர்க் கணக்கும்

ஆயத்த மால்ட் சாறு வரும் எக்ஸ்ட்ராக்ட் டப்பாவை விட்டு, மால்ட்டில் (முளைகட்டி உலர்த்திய பார்லி) இருந்தே காய்ச்சும் ஆல்-கிரெய்னுக்கு மாறும்போது பலரும் ரெசிபி தேடுவதிலேயே நேரத்தைக் கழிக்கிறார்கள். முதலில் அளக்க வேண்டியது பாத்திரத்தை. எத்தனை லிட்டர் ஊற்றினால் எத்தனை லிட்டர் மிஞ்சும் என்று தெரியாவிட்டால் எந்த ரெசிபியும் கணக்குக்கு நிற்காது. இங்கே எழுதியிருப்பது பேல் ஏல் என்ற வெளிர் பீர் 10 லிட்டருக்கான திட்டமும், காய்ச்சியபோது வந்த அளவுகளும். முறை, ஒரே பாத்திரத்தில் துணிப் பை விரித்து அதற்குள்ளேயே மாஷ் செய்யும் (அரைத்த மால்ட்டைச் சுடுநீரில் ஊறவைத்துச் சர்க்கரை எடுக்கும்) ‘ப்ரூ இன் எ பேக்’. வீட்டில் பீர் காய்ச்சச் சட்டம் அனுமதிக்கிறதா என்பதை அவரவர் இடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

20 லிட்டர் போடாமல் 10 போடுவதற்குக் காரணம் அடுப்பும் முதுகும்தான். 5 கிலோ மால்ட் தண்ணீர் குடித்தால் பை 9 கிலோவைத் தொடும். அதைக் கொதிநீருக்கு மேல் தூக்கிப் பிடித்து வடிய விடுவது ஒற்றை ஆள் வேலை இல்லை. 10 லிட்டருக்கு 25 லிட்டர் பாத்திரமும் வீட்டு கேஸ் அடுப்பும் போதும்.

பாத்திரச் சோதனை இப்படி: 10 லிட்டர் பச்சைத் தண்ணீர், மூடி இல்லாமல், நன்றாகத் தளதளவென்று கொதிக்கிற நிலையில் 30 நிமிடம். ஆறிய பிறகு அளந்தால் 8.5 லிட்டர். ஆக மணிக்கு 3 லிட்டர் ஆவியாகிறது. வாய் அகன்ற பாத்திரத்தில் இது இன்னும் கூடும். சூட்டோடு அளக்கக் கூடாது. கொதிநிலையில் தண்ணீர் சுமார் 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும்.

இதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். கொதி முடிந்து ஆறிய வோர்ட், அதாவது நொதிக்கும் முன்புள்ள இனிப்புச் சாறு, 11 லிட்டர் வேண்டும். அதில் ஒரு லிட்டர் அடியில் தங்கும் ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ) கசடோடு போய்விடும். ஆவிக்கு 3 லிட்டர். மால்ட் உறிஞ்சுவது, பையைப் பிழிந்தால் கிலோவுக்கு 0.8 லிட்டர் வீதம் 2.5 கிலோவுக்கு 2 லிட்டர். சூட்டில் விரிவதற்கும் கைத்தவறுதலுக்கும் அரை லிட்டர். மொத்தம் 16.5 லிட்டர். மால்ட் கிலோவுக்கு ஏறத்தாழ 0.67 லிட்டர் இடம் பிடிக்கும் என்பதால் மாஷ் நேரத்தில் பாத்திரத்தில் 18 லிட்டருக்குச் சற்று மேலே நிற்கும். 20 லிட்டர் பாத்திரமென்றால் கிளறும்போதே விளிம்பில் வழியும்.

ரெசிபி:

பேல் மால்ட் – 2.3 கிலோ
கிரிஸ்டல் மால்ட், நிற அளவு 120 இபிசி – 200 கிராம்
மேக்னம் ஹாப்ஸ், 12% ஆல்ஃபா (கசப்பு அமிலம்) – 10 கிராம், 60 நிமிடம்
காஸ்கேட், 6% ஆல்ஃபா – 15 கிராம், கடைசி 10 நிமிடம்
காஸ்கேட் – 25 கிராம், அடுப்பை அணைத்ததும்
ஈஸ்ட் – சஃப்ஏல் யூஎஸ்-05, 11.5 கிராம் பாக்கெட்டில் பாதி

பேல் மால்ட் ஒரு கிலோ, ஒரு லிட்டருக்குச் சுமார் 305 கிராவிட்டி புள்ளி (தண்ணீரின் 1.000-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு 0.001-உம் ஒரு புள்ளி) தரும், கிரிஸ்டல் 284. இரண்டும் சேர்ந்து 758. முதல் தடவைக்கு 70 சதவீதத் திறன், அதாவது அதில் 70 சதவீதம்தான் வோர்ட்டுக்கு வரும் என்று வைத்தால் 531. 11 லிட்டரால் வகுத்தால் 48, அதாவது 1.048. கொதிக்கு முன்பு அதே 531 புள்ளி 14 லிட்டரில் இருக்கும், ஆக 1.038. இந்த இரண்டாவது எண்ணைக் கட்டாயம் எழுதி வைக்க வேண்டும். தவறைத் திருத்த அவகாசம் இருப்பது அந்தக் கட்டத்தில் மட்டும்தான். கசப்பு, டின்செத் சூத்திரப்படி 33 ஐபியூ (கசப்பு அலகு) அளவில் வரும். மேக்னம் பாக்கெட்டில் ஆல்ஃபா வேறாக இருந்தால் 120-ஐ அந்த எண்ணால் வகுத்துக் கொள்ளுங்கள்: 10% என்றால் 12 கிராம்.

ஓட்ஸ், தேன், ஆரஞ்சுத் தோல் எதுவும் இந்தத் தடவை வேண்டாம். ருசி பிசகினால் காரணம் மாஷா, தண்ணீரா, ஈஸ்ட்டா என்று பிரித்துப் பார்க்க ரெசிபி வெறுமையாக இருக்க வேண்டும். கிரிஸ்டல் மால்ட்டும் 8 சதவீதத்தோடு போதும்; 15-ஐத் தாண்டினால் பேல் ஏல் திகட்டும்.

இனி தண்ணீர். எக்ஸ்ட்ராக்டில் மாஷ் வேலையை ஆலையிலேயே முடித்துவிடுவார்கள், அதனால் தண்ணீர் சுமாராக இருந்தாலும் ஓடிவிடும். ஆல்-கிரெய்னில் மாஷின் பிஎச் (அமில-கார அளவு) நம் பொறுப்பு. அறை வெப்பத்துக்கு ஆற்றி அளந்தால் 5.2 முதல் 5.6-க்குள் இருக்க வேண்டும். வெளிர் பீருக்கு 5.35 பக்கம் நல்லது. பிஎச்சை மேலே இழுப்பது தண்ணீரின் காரத்தன்மை, அதாவது பைகார்பனேட். கீழே இழுப்பவை கால்சியம், மக்னீசியம், கிரிஸ்டல் மற்றும் வறுத்த மால்ட்கள், அமிலம். ஜெர்மன் பீர் ஆய்வாளர் பால் கோல்பாக் 1953-இல் தந்த சூத்திரம் இன்றும் செல்லும்: மூன்றையும் கால்சியம் கார்பனேட் அளவாக எழுதி, காரத்தன்மையில் இருந்து கால்சியத்தை 3.5-ஆல், மக்னீசியத்தை 7-ஆல் வகுத்துக் கழித்தால் எஞ்சுவதுதான் மாஷைப் பாதிக்கும். பரிசோதனை அறிக்கையில் பைகார்பனேட் மட்டும் இருந்தால் 0.82-ஆல் பெருக்குங்கள், காரத்தன்மை வந்துவிடும்.

பையில் மாஷ் செய்யும் முறையில் ஒரு சிக்கல் உண்டு. கிலோ மால்ட்டுக்கு 6.6 லிட்டர் தண்ணீர் என்பது வழக்கமான மாஷைவிட இரண்டு மடங்கு நீர்த்தது. அதனால் அதே காரத்தன்மை இங்கே பிஎச்சை அதிகமாக ஏற்றும். காரத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் உள்ள குழாய்த் தண்ணீரைச் சரிக்கட்ட 88% லாக்டிக் அமிலம் 5 மில்லி அளவில் தேவைப்படும். 11 லிட்டர் பீரில் அவ்வளவு போனால் நாக்கில் புளிப்பு தட்டலாம். அப்படிப்பட்ட தண்ணீரைப் பாதிக்குப் பாதி ஆர்ஓ கலந்து இறக்குங்கள், அல்லது முழுக்க ஆர்ஓவுக்கு மாறுங்கள். சாஃப்ட்னர் தண்ணீர் இதற்குத் தீர்வாகாது: கால்சியத்தை எடுத்துச் சோடியத்தை வைக்கும், காரத்தன்மையில் கை வைக்காது.

முதல் தடவைக்கு முழு ஆர்ஓதான் சுலபம். பூஜ்யத்தில் இருந்து கட்டலாம், அறிக்கை தேவையில்லை. ஆனால் டிடிஎஸ் மீட்டர் 30-க்குக் கீழே காட்டுகிறதா பாருங்கள். சில வீட்டு இயந்திரங்கள் ருசிக்காகப் பச்சைத் தண்ணீரைத் திரும்பக் கலக்கும், சிலவற்றில் மினரல் சேர்க்கும் கட்டம் இருக்கும். அப்போது 100-க்கு மேல் காட்டும், அது எந்த உப்பு என்று மீட்டர் சொல்லாது.

16.5 லிட்டர் ஆர்ஓவுக்குச் சேர்த்தது ஜிப்சம் (கால்சியம் சல்ஃபேட்) 4 கிராம், கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 2 கிராம். கிடைப்பது லிட்டருக்குக் கால்சியம் 90 மில்லிகிராம், சல்ஃபேட் 135, குளோரைடு 58. சல்ஃபேட் ஹாப்ஸின் கசப்பை வறட்சியாக, கூர்மையாக நிறுத்தும். குளோரைடு மால்ட்டை உருண்டையாக, கனமாகக் காட்டும். இங்கிலாந்தின் பர்ட்டன் ஊர் பேல் ஏலுக்குப் பேர்போனது அங்குள்ள ஜிப்சத்தால்தான். அதற்காகச் சல்ஃபேட்டை 300-க்குமேல் ஏற்ற வேண்டாம், கந்தக வாடையும் தாது ருசியும் வரும். எப்சம் உப்பு தேவையில்லை. மால்ட்டிலேயே மக்னீசியம் போதிய அளவு இருக்கிறது. உப்புகளைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள், ஜிப்சம் சூட்டில் இன்னும் மோசமாகக் கரையும். கால்சியம் குளோரைடு காற்றில் ஈரத்தை இழுத்துக் கட்டியாகும். ஈரமானதை நிறுத்தால் பாதி எடை தண்ணீராக இருக்கலாம். தராசு 0.1 கிராம் காட்ட வேண்டும், சமையல் தராசு ஆகாது.

குழாய்த் தண்ணீர் கலப்பவர்கள் குளோரினை மறக்கக் கூடாது. மால்ட்டின் ஃபீனாலோடு சேர்ந்தால் பீரில் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி வாடை வரும், அதை எந்த வைத்தியத்தாலும் எடுக்க முடியாது. கொதிக்க வைத்தால் குளோரின் போகும், குளோரமைன் எளிதில் போகாது. ஒரு கேம்டன் மாத்திரை (சல்ஃபைட் மாத்திரை) 75 லிட்டருக்குப் போதும். இங்கே கால் மாத்திரையைப் பொடித்துக் கலந்து சில நிமிடம் விட்டால் இரண்டும் அடங்கும்.

மாஷ்: மால்ட் 25 டிகிரி, இலக்கு 67 டிகிரி செல்சியஸ். தண்ணீரைச் சூடேற்ற வேண்டியது 69.6. மால்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கிளற வேண்டும். மொத்தமாகக் கவிழ்த்தால் உள்ளே உலர்ந்த மாவுக் கட்டிகள் நிற்கும், அந்த மாவு வீண். 65-க்குக் கீழே போனால் பீர் மெலிந்து வறளும், 69-க்கு மேலே கனத்து இனிக்கும். பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி 60 நிமிடம். நடுவில் அடுப்பைப் பற்றவைப்பதானால் பைக்கு அடியில் துளையிட்ட எஃகுத் தட்டு வேண்டும், இல்லாவிட்டால் பை உருகி அடிப்பிடிக்கும்.

15-ஆம் நிமிடத்தில் ஆற்றி அளந்த பிஎச் 5.51. கணக்கில் எதிர்பார்த்ததும் அதுதான்: உப்பு மட்டும் போதாது, வெளிர் மால்ட்டுக்கு 1 மில்லி லாக்டிக் அமிலம் தேவைப்படும். சேர்த்துக் கிளறிய பிறகு 5.39. அதோடு நிறுத்திக்கொள்ளலாம், 5.35-க்காக மல்லுக்கட்ட வேண்டியதில்லை. மீட்டரை 4.01, 7.00 கரைசல்களில் அன்றே சரிபார்த்திருக்க வேண்டும்; காகிதப் பட்டையை நம்பி அமிலம் ஊற்றாதீர்கள்.

பையைத் தூக்கி நன்றாகவே பிழியலாம். பிழிந்தால் துவர்ப்பு வரும் என்பது பழைய பயம். துவர்ப்பைக் கொண்டுவருவது 6-ஐ நெருங்கும் பிஎச்சும் 77-ஐத் தாண்டிய சூடும்.

கொதிக்கு முன் அளவு 14.2 லிட்டர், கிராவிட்டி 1.036. 1.038-க்கு இரண்டு புள்ளி குறைவு, அப்படியே விடலாம். 1.032 என்று வந்திருந்தால் உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் 230 கிராம் கரைத்துச் சரிக்கட்டலாம். அவசரத்துக்கு ஒரு பாக்கெட் வீட்டில் இருப்பது நல்லது. ஹைட்ரோமீட்டர் மாதிரியை 20 டிகிரிக்கு ஆற்றித்தான் பார்க்க வேண்டும்.

மீதி எக்ஸ்ட்ராக்ட் காய்ச்சியவர்களுக்குத் தெரிந்த பாதைதான். முதல் நுரை பொங்கும்போது தீயைக் குறைக்கவும், மூடி போடக் கூடாது, ஐஸ் தண்ணீரில் பாத்திரத்தை இறக்கி 20 டிகிரிக்கு ஆற்றவும். ஈஸ்ட்டை 18 முதல் 20 டிகிரியில் வைக்க வழியில்லாத வீட்டில் யூஎஸ்-05-ஐத் திணிக்காமல் வோஸ் க்வெய்க் வகையைப் போடுங்கள். 30-க்கு மேலும் அது சுத்தமாக வேலை செய்யும்.

கொதி முடிந்து 11.1 லிட்டர், 1.046. நொதித்து நின்றது 1.010-இல், மது அளவு 4.7 சதவீதம். திறன் 67 சதவீதம். அந்த மூன்று சதவீதம் எங்கே போனது என்பதற்கு அரைத்த மால்ட்டே சாட்சி. ஒரு பிடி எடுத்து வெள்ளைத் தாளில் பரப்பினால், உமி கிழிந்து உள்ளே மாவு நாலைந்து துண்டாக உடைந்திருக்க வேண்டும். இங்கே பத்தில் ஒரு தானிய மணி முழுசாக, விரலால் உருட்டினால் உருள்கிற மாதிரி கிடந்தது. அரவை இடைவெளி 1.2 மில்லிமீட்டர். பையில் வடிப்பதால் உமி நொறுங்கினாலும் அடைப்புத் தொல்லை இல்லை. அடுத்த தடவை 1.0-க்கு இறக்கலாம், ரெசிபியும் உப்பும் அதே அளவில்.