பல் எக்ஸ்ரேல அப்படி என்னதான் தெரியுது?

எங்க அல்சூர் பக்கம் பல் டாக்டர்கிட்ட போனா மொதல்ல எக்ஸ்ரேதான், உடனே நம்மாளுங்க காசு புடுங்குறாங்கன்னு ஆரம்பிச்சிடுவாங்க, எங்க அத்தையும் அப்படித்தான் பொலம்பிக்கிட்டே வந்தாங்க. கண்ணாடி விட்டுப் பாத்தா பல்லு நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் ஒரு குட்டி சென்சாருக்கு பிளாஸ்டிக் உறை போட்டு பல்லுக்குப் பின்னாடி வச்சு எடுத்தாங்க, உடனே கம்ப்யூட்டர்ல படம். வேர் நுனில கருப்பா ஒரு வட்டம், உள்ள இன்ஃபெக்‌ஷன் ஆகி எலும்பு கரைஞ்சிருக்கு. அத்தை கப்சிப்.

விஷயம் சிம்பிள்தான், எனாமல், மெட்டல் ஃபில்லிங் மாதிரி கெட்டியானதெல்லாம் வெள்ளையா விழும், சொத்தையும் எலும்பு அரிச்ச எடமும் கருப்பா தெரியும். ரெண்டு பல்லுக்கு நடுவுல ஒளிஞ்சிருக்கிற சொத்தைக்கு, கடிச்சுக்கிட்டே எடுக்கிற பைட்விங்னு ஒரு எக்ஸ்ரே. வேர் வரைக்கும் பாக்க ஐஓபிஏங்கிற சின்ன எக்ஸ்ரே. ஞானப்பல் படுத்துக்கிட்டு மொளைக்குதான்னு பாக்க முழு தாடையும் வர்ற ஓபிஜி, அதுக்கு பெரும்பாலும் வெளிய ஸ்கேன் சென்டருக்கு அனுப்புவாங்க, ஆட்டோ செலவு வேற.

கதிர்வீச்சு பயமா? சின்ன படம் ஒண்ணுல வர்றது, நாம சும்மா உக்காந்திருந்தாலே ஒரு நாள்ல இயற்கையா வாங்குறத விட கம்மி. 1896ல ஜெர்மனில ஓட்டோ வால்காஃப் தன் பல்லையே படம் எடுத்தப்போ 25 நிமிஷம் ஆச்சாம், இப்ப ஒரு செகண்டு கூட இல்ல. கர்ப்பமா இருந்தா மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க.

மயிரிழை விரிசல் பல நேரம் எக்ஸ்ரேல மாட்டாது, கடிக்கும்போது சுளீர்னு இழுத்தா எந்தப் பல்லுன்னு நீங்கதான் காட்டணும்.