ஏசியில் தண்ணீர் சொட்டு, குளிரும் கம்மி: மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை

தாம்பரத்தில் இரண்டாவது மாடி வீடு. 2019-இல் வாங்கிய ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி. இன்வெர்ட்டர் வகை இல்லை, உள்ளே குளிரவைக்கும் கேஸ் ஆர்32. கத்திரி தொடங்கிய வாரமே இரண்டு தொல்லையும் சேர்ந்து வந்தன. இரவு பதினொரு மணிக்குப் போட்டால் ஒரு மணிக்கு மேல் அறை புழுங்கும். விடியற்காலையில் ஏசியை நிறுத்தியதும் அம்மாவின் தலையணைப் பக்கம் தண்ணீர் சொட்டும். கட்டிலை நகர்த்தி, கீழே பேசின் வைத்தோம்.

போன வருடமும் குளிர் குறைந்தது. அப்போது வந்த மெக்கானிக் மூடியைக்கூடத் திறக்காமல், "கேஸ் கம்மி சார்" என்று நிரப்பிவிட்டு 2,800 ரூபாய் வாங்கிப் போனார். வண்டியில் பெட்ரோல் தீர்வது போல ஏசியில் கேஸ் தீராது. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது அது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம்; கசிவை அடைக்காமல் நிரப்புவது வீண். அதனால் இந்த முறை நானே முதலில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

முதல் ஞாயிறு எதையும் கழற்றவில்லை, கவனிக்க மட்டும் செய்தேன். பால் சூடு பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வீட்டில் இருந்தது. ஏசி மேலே இழுக்கும் காற்று 30 டிகிரி, கீழே விடும் காற்று 13 டிகிரி. வித்தியாசம் 17! நல்ல நிலையில் உள்ள ஏசிக்கு 10, 12 இருந்தாலே போதும். அப்படியென்றால் காற்று நன்றாகவே குளிர்கிறது. ஆனால் அந்தக் காற்று கட்டில் வரைகூட வரவில்லை. கையை நீட்டினால் ஒரு முழத்துக்கு அப்பால் ஒன்றுமே தெரியவில்லை.

எனக்கு விஷயம் பிடிபட்டது இங்கேதான். கேஸ் குறைந்திருந்தால் காற்று வேகமாக வரும், ஆனால் சில்லென்று இருக்காது. இங்கே நேர்மாறு: சில்லென்று இருக்கிறது, வேகம் இல்லை. இரண்டு மணி நேரம் ஓடவிட்டு முன்மூடியைத் தூக்கி டார்ச் அடித்தேன். காற்றைக் குளிரவைக்கும் குழாய்ச் சுருளான கூலிங் காயில் முழுக்க, ஓரம் விடாமல், வெள்ளையாகப் பனி படர்ந்திருந்தது. காயிலில் காற்று போதுமான அளவு பட்டால்தான் அதன் மேல் படியும் ஈரம் தண்ணீராகவே வடியும். காற்று குறைந்தால் காயில் பூஜ்யத்துக்குக் கீழே போய், ஈரம் உறைந்துவிடும். உறைந்த பனி மிச்சக் காற்றையும் மறிக்கும். ஏசியை நிறுத்தியதும் அத்தனை பனியும் ஒரே நேரத்தில் உருகி, அடியில் தண்ணீர் பிடிக்கும் தட்டில் விழாமல் முன்பக்கமாக வழியும். விடியற்காலைச் சொட்டுக்கும் நள்ளிரவுப் புழுக்கத்துக்கும் காரணம் ஒன்றே என்று அப்போது தெரிந்தது.

ஃபில்டரை மாதாமாதம் கழுவுகிறோம், அதில் அழுக்கு இல்லை. அப்புறம் காற்றை எது மறிக்கிறது?

அடுத்த ஞாயிறு ஏசிக்குப் போகும் கரண்டை நிறுத்தும் சுவிட்சை (எம்.சி.பி.) இறக்கிவிட்டு, காற்று வரும் வாய்க்குள் டார்ச் அடித்தேன். உள்ளே நீளமாகக் கிடக்கும் உருளைதான் ப்ளோயர். அதன் தகடு ஒவ்வொன்றும் சின்னக் கிண்ணம் போல வளைந்து காற்றை அள்ளித் தள்ள வேண்டும். அந்தக் குழிவு தெரியவே இல்லை. சாம்பல் நிறத் தூசு ஈரத்தோடு சேர்ந்து, கம்பளித் துண்டு வைத்து அடைத்தது போல மட்டமாக நின்றது. ஃபில்டரைத் தாண்டி வரும் பொடித் தூசு ஏழு வருடமாக அங்கே சேர்ந்திருக்கிறது.

வலது பக்கம் இருக்கும் சர்க்யூட் போர்டைப் பிளாஸ்டிக் பையால் இறுக்கி மூடினேன். தார்ப்பாயைப் புனல் மாதிரி கட்டி, அடியில் வாளி. செடிக்கு மருந்து அடிக்கும் கைப் பம்பில் மெல்லிய சோப்புத் தண்ணீர். வண்டி கழுவும் ஜெட் பம்பைக் காயிலுக்கு அருகில் பிடித்தால் அலுமினிய இதழ்கள் மடங்கிவிடும். பிளீச்சிங், ஆசிட் வகையெல்லாம் அரித்துவிடும். பழைய பல் பிரஷால் தகடு தகடாகத் தேய்த்து உருளையைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். மூன்று மணி நேரம் ஆனது. வாளியில் விழுந்தது கருப்புக் கஞ்சி.

பிறகு தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். உள்ளே இறங்கவே நேரம் எடுத்தது. பால்கனிப் பக்கம் போனால் காரணம் இருந்தது. செடிக்கு ஆகும் என்று டிரெயின் பைப்பின் நுனியை வாளியில் விட்டிருந்தோம். வாளி நிறைந்து நுனி தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தது. நுனி மூழ்கினால் பைப்புக்குள் காற்று சிக்கிக்கொள்ளும், தண்ணீர் இறங்காது. பைப்பை உதறி வாயால் ஊதினேன். சப்ஜா விதை ஊறியது போல வழவழவென்று ஒரு பாசித் திரள் தொப்பென்று விழுந்தது. இப்போதும் வாளி இருக்கிறது, நுனியை மட்டும் விளிம்புக்கு மேலே கட்டிவிட்டேன். ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேல் வருகிறது. நம் ஊர் ஈரக் காற்றுக்கு அது சாதாரணம்.

ஓடவிட்டுத் திரும்ப அளந்தேன். இழுக்கும் காற்று 29, விடும் காற்று 17. வித்தியாசம் 12. இரவு முழுக்க ஓடியும் பனி இல்லை.

ஆனாலும் நான்கு நாள் கழித்துச் சுவரோரம் ஈரம். மனசு கொஞ்சம் விட்டுப்போனது. மூன்றாவது ஞாயிறு பார்த்தால், அது தட்டுத் தண்ணீரே இல்லை. சுவர்த் துளை அருகே தாமிரக் குழாயின் மேலிருந்த ஃபோம் உறை கிழிந்து, குளிர்ந்த குழாய் வெறுமனே வியர்த்துக்கொண்டிருந்தது. 60 ரூபாய்க்குப் புது உறை வாங்கிச் சுற்றி டேப் போட்டேன்.

கேஸ் வேலையை நான் தொடவில்லை. ஆர்32 தீப்பற்றக்கூடியது, கருவியும் பயிற்சியும் உள்ளவர்கள் செய்ய வேண்டியது. சந்தேகம் தீர வேறொரு மெக்கானிக்கைக் கூப்பிட்டு, ஒயரைக் கவ்வி கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரில் பார்க்கச் சொன்னேன். ஸ்டிக்கரில் 7.4 ஆம்பியர் என்று இருந்தது, மீட்டர் 7.1 காட்டியது. கேஸ் குறைந்திருந்தால் இது நன்றாகவே இறங்கியிருக்கும். நட்டுகளில் சோப்பு நுரை தடவியும் பார்த்தார், குமிழி வரவில்லை. "கேஸெல்லாம் சரியா இருக்குண்ணா" என்று 300 ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டார்.

அன்று இரவு ஏசியைப் போட்டதும், எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரின் தாள்கள் படபடத்தன. அம்மா எழுந்து போய் அதன் மேல் ஒரு கிளிப் மாட்டிவிட்டு வந்து படுத்தார்.