பலகையை எடுப்பது யார்

ஏப்ரல் 19, 2025

அத்திப்பட்டில் இறங்கி, கொஞ்ச தூரம் ஆட்டோ, அப்புறம் வரப்பு மேல் நடை. தாத்தா வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் உப்பளம், அதுவும் இப்போது யாரும் உப்பு எடுக்காத உப்பளம். பாத்திகளில் உமரி சிவந்து கிடக்கிறது, கரையெல்லாம் சீமைக்கருவேலம். பக்கத்து வீடு என்று ஒன்று கிடையாது. இருட்டினால் தெரிவது அனல்மின் நிலையப் புகைபோக்கிகளின் சிவப்பு விளக்கு மட்டும்தான். தண்டையார்பேட்டையில் ராத்திரி இரண்டு மணிக்கும் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்கும்.

கிளம்பும்போது ஆஸ்பத்திரியில் அம்மா ஊசி குத்திய கையைத்தான் ஆட்டினாள்.

ஏப்ரல் 20

சிக்னல் இல்லை.

ஏப்ரல் 21

சிக்னல் இருக்கிறது, மதகு மேல் ஏறி நின்றால். ஸ்கேன் எடுத்தாகிவிட்டது, ரிப்போர்ட் வரவில்லை என்றார் அப்பா. அம்மாவிடம் போனைக் கொடுங்கள் என்றால் தூங்குகிறாள் என்கிறார். சாயங்காலம் ஐந்து மணிக்கு என்ன தூக்கம்?

மதகு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு கல் தூண், நடுவில் காடி வெட்டி அதில் பலகை செருகியிருக்கிறது. ஓதம், அதாவது கடல் தண்ணீர், ஏறும்போது பலகையைத் தூக்கினால் கழிமுகத் தண்ணீர் வாய்க்காலுக்குள் வரும். முன்பு அந்தத் தண்ணீரைப் பாத்திக்கு விட்டுத்தான் உப்பு விளைந்தது. இப்போது தாத்தா அதை அடைத்தே வைத்திருக்கிறார். நான் பேசிக்கொண்டிருந்தபோது என் காலுக்குக் கீழே பலகை இருந்தது. நன்றாகப் பார்த்தேன்.

ஏப்ரல் 22

காலையில் பலகை இல்லை. காடியிலிருந்து எடுத்து வரப்பில் சாய்த்து வைத்திருக்கிறது. தாத்தாவிடம் சொன்னேன். "காத்தா இருக்கும் கண்ணு" என்றார். அந்தப் பலகையை நான் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன், தரையை விட்டு எழும்பவில்லை. காற்றா? தாத்தா ஒன்றும் பேசாமல் திரும்பச் செருகிவிட்டு வந்தார்.

ரிப்போர்ட் வரவில்லை.

ஏப்ரல் 23

ராத்திரி வெளிச்சம். பதினொன்று இருக்கும். ஜன்னலிலிருந்து பார்த்தேன், தரையோடு தரையாக ஒரு மஞ்சள் வெளிச்சம், மனிதன் கையில் பிடிக்கிற உயரம் இல்லை. நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. எழுந்து போகவேண்டும் என்று நினைத்தேன், கால் வரவில்லை. அப்போதுதான் ஆள்காட்டிக் குருவி கத்த ஆரம்பித்தது. இரண்டாவது வரப்பில் அதன் முட்டை நாலு இருக்கிறது, வெறும் தரையில், சின்னக் கல் வட்டத்துக்குள், மண் நிறத்தில். யாராவது அந்தப் பக்கம் போனால் விடாமல் கத்தும், என்னைப் பார்த்தும் கத்தும். ராத்திரி கண் தெரியாவிட்டால் என்ன, காது போதும். முதலில் ரயில் பாதைப் பக்கம் இருக்கும் வேறொரு ஜோடி கத்தியது, அப்புறம் நம் ஜோடி, அப்புறம் அமைதி. ஆக வந்தவர் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை, நேரே வாய்க்காலில் இறங்கியிருக்கிறார்.

ஏப்ரல் 24

வாய்க்கால் வற்றியிருந்தது. சேற்றில் காலடித் தடமே இல்லை. அதற்குப் பதில் பக்கம் பக்கமாக இரண்டு கோடு, என் முழங்கை அகலம், வாய்க்கால் முழுக்கப் போகிறது. எதுவோ ஊர்ந்து போன மாதிரி. கரையில் முடைந்த பனை ஓலைத் துண்டு ஒன்று கிடந்தது. அதன் விளிம்பில் பல் தடம்! வரிசையாக, அழுத்தமாக, மனிதப் பல். நடுவில் ஒரு பல் இல்லை.

ஓலையை நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

மதகு மேல் நின்று போட்ட எந்த போனையும் அப்பா எடுக்கவில்லை.

ஏப்ரல் 25

எடுத்தார். "டாக்டர் வந்து சொல்வார்" என்றார். எப்போது என்று கேட்டால் கோபம் வருகிறது. எனக்கு வராதா?

ஏப்ரல் 26

வெளிச்சம் தினமும் முக்கால் மணி நேரம் தள்ளி வருகிறது. பேய்க்கு அப்படி ஒரு கணக்கு இருக்காது, ஓதத்துக்குத்தான் இருக்கும். ஓதம் ஏறும்போது பலகையை எடுக்கிறார்கள், ஆறு மணி நேரம் கழித்து வத்தும்போது வெளிச்சம். தாத்தாவிடம் ஓலையை எடுத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பீடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "பலகைய போடறது என் வேல. எடுக்கறது அது வேல. பகல்ல ஆளுங்க வந்து பாப்பாங்க, மூடியிருக்கணும். அவ்ளோதான்."

ஏப்ரல் 27, அமாவாசை

இருட்டுக்கு முன்பே மதகு அருகே போய் உட்கார்ந்தேன். தாத்தா தடுக்கவில்லை, டார்ச் கொடுத்தார்.

ஒரு கிழவி. தண்ணீர் ஏறும் நேரத்துக்கு வந்து, பலகையின் ஒரு முனையில் கம்பைக் கொடுத்து நெம்பி எடுத்தாள். பிறகு காத்திருந்தோம், நடுராத்திரி தாண்டி. இருளர் ஆயா அது, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வீடு. தண்ணீர் வத்தியதும் விளக்கைக் கரையில் வைத்துவிட்டு முழங்காலிட்டு இறங்கினாள். பனை ஓலைப் பறியை, இறால் போடும் கூடையை, பல்லில் கடித்துக்கொண்டாள், இரண்டு கையும் சேற்றைத் துழாவ வேண்டுமே. விரல் ஒரு இடத்தில் நிற்கும், மூடும், இறால் பறிக்குள் போகும். கண்ணால் பார்க்கவே இல்லை, எல்லாம் கைதான். அந்தக் கோடுகள் இழுத்துக்கொண்டே போகும் அவள் முழங்கால்.

பறி வாயில் இருக்கும்வரை பதில் இல்லை. நிரம்பியதும் பேசினாள். முன்பெல்லாம் கழிமுகத்திலேயே இடுப்பளவு தண்ணீரில் பிடித்தார்களாம், சாம்பல் வந்து தூர்ந்து இப்போது பல இடத்தில் முழங்கால்கூட இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு ஆலை எண்ணெய் வந்ததே, அதற்கப்புறம் கழிமுகத்து இறாலை எண்ணெய் நாத்தம் என்று யாரும் வாங்கவில்லையாம். இந்த வாய்க்கால் அடைத்தே கிடந்ததால் எண்ணெய் உள்ளே வரவில்லை. தாத்தாதான் இங்கே வரச் சொல்லியிருக்கிறார்.

"ஒங்கம்மா சின்னதுல எனக்கு வெளக்கு புடிச்சிகினு நிக்கும்" என்றாள். "கையி ஆடாம புடிக்கும்."

அம்மா இதை என்னிடம் சொன்னதே இல்லை. கொஞ்ச நேரம் விளக்கை நான் பிடித்தேன்.

ஏப்ரல் 28

அப்பாவே கூப்பிட்டார். நாளைக் காலை ஆபரேஷன். கூட்டிப்போவதற்கு முன்னால் பார்க்க விடுவார்களாம், ஆனால் ஏழு மணிக்குள் வந்துவிட வேண்டும். முதல் ரயிலைப் பிடித்தாக வேண்டும். ஆயா ஒரு பறி இறால் கொடுத்திருக்கிறாள், அம்மாவுக்காம். இப்போது சாப்பிட முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை, தாத்தா உப்புப் போட்டுக் காயவைக்கிறார். விளக்கைப் பற்றி அம்மாவிடம் கேட்கவேண்டும், மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னால், அது எந்த வயசில், பயமாக இருந்ததா என்று. தாத்தா கூப்பிடுகிறார், மீதியை ரயிலில் எழுதுகிறேன்.