கட்டியக்காரனின் பலகை

கொடைக்கானலில் எங்கள் குடும்பம் நடத்திவரும் சிறிய தங்கும் விடுதியில், அறையைக் காலி செய்து போகிறவர்கள் மறந்துவிட்டுச் செல்லும் பொருள்களுக்கென்று அப்பா ஒரு தகரப் பெட்டி வைத்திருந்தார். குல்லாய், ஒற்றைக் கையுறை, மூக்குக் கண்ணாடி, பாதி தீர்ந்த தைலப் புட்டி என்று சேரும் அந்தப் பெட்டியிலிருந்து, ஓராண்டு காத்திருந்தும் யாரும் கேட்டு வராத பொருளை மட்டுமே எங்களுக்குத் தருவார். 1993-ஆம் ஆண்டின் ஐப்பசி மழையில் அப்படி என் கைக்கு வந்தவை நான்கு அமெரிக்க காமிக்ஸ் இதழ்கள். "எடுத்துக்க. ஆனா கிழிச்சுறாத, என்னைக்காவது கேட்டு வந்தா குடுக்கணும்" என்றார். இன்றுவரை யாரும் கேட்டு வரவில்லை, நானும் கிழிக்கவில்லை.

நான்கில் மேலே இருந்தது 1991-இல் வெளிவந்த 'சில்வர் சர்ஃபர்' 50-ஆம் இதழ். அதன் முன்னட்டையில் நாயகனின் உருவம் வெள்ளித் தகடு ஒட்டிப் புடைப்பாக அச்சிடப்பட்டிருந்தது. மின்சாரம் போன இரவில் மெழுகுவர்த்திக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தால் அந்த உடம்பில் சுடர் ஓடும். விரலால் தடவினால் தோளும் முழங்காலும் தட்டுப்படும். அட்டையைத் திருப்பினாலோ உள்ளே அவன் வெள்ளியாக இல்லை. ஓரங்களில் மட்டும் இளநீல நிழல் தீட்டப்பட்ட வெறும் வெள்ளையாக இருந்தான். ஏமாற்றிவிட்டார்கள் என்றே அப்போது நினைத்தேன். சாதாரண நான்கு வண்ண அச்சில் வெள்ளி நிறத்துக்கு வழியே கிடையாது என்பதையும், மை படாமல் விடப்பட்ட தாளைத்தான் வாசகன் வெள்ளியென்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதையும், அவன் பிறந்து இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து வந்த அந்த அட்டையில்தான் பெயருக்கேற்ற உலோகம் அவன்மேல் ஏறியது என்பதையும் பிற்பாடுதான் அறிந்துகொண்டேன். எங்கள் ஊர் ஈரத்தில் செய்தித்தாள் காகிதம் பழுத்துப் போகும். ஆகவே என்னிடமுள்ள சில்வர் சர்ஃபர் இப்போது பித்தளை.

கையில் கிடைத்ததிலிருந்து பின்னோக்கிப் போய்த்தான் இந்த நாயகனின் வரலாற்றை நான் கற்றேன். நாங்கள் வளர்ந்த காலத்தில் சாகச நாயகன் என்றால் 1972-இல் முத்து காமிக்ஸ் தமிழுக்குக் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவிதான். அவருக்கு ஒரு தொழிலும் மேலதிகாரியும் உண்டு. இவனுக்கோ எதுவும் இல்லை. கடலையே பார்த்திராத எனக்கு இவன் காலடியில் இருந்தது அலைச்சறுக்குப் பலகை என்பதுகூடத் தெரியவில்லை. மரக்கடையில் அறுத்து அடுக்கிய பலகை ஒன்றை உருவிக்கொண்டு ஒருவன் ஏன் நட்சத்திரங்களுக்கிடையே அலைகிறான் என்று வெகுநாள் யோசித்திருக்கிறேன்.

அந்தப் பலகை வந்த கதை, காமிக்ஸ் வரலாற்றில் பலமுறை சொல்லப்பட்ட கதைதான். 1960-களில் மார்வெல் நிறுவனத்தில் எழுத்தாளர் முழு வசனப் பிரதி எழுதித் தரும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. ஆசிரியர் ஸ்டான் லீ கதையின் போக்கை மட்டும் பேசி முடிவு செய்வார். ஓவியர் ஜாக் கிர்பி அதைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, காட்சிகளைத் தாமே உருவாக்கிப் பென்சிலில் வரைந்து, என்ன நடக்கிறது என்ற குறிப்புகளை ஓரத்தில் எழுதி அனுப்புவார். அதன் பிறகே லீ வசனம் எழுதுவார். 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' என்ற நால்வர் சாகசக் குழுவின் இதழுக்காகக் கோள்களை விழுங்கும் கேலக்டஸ் என்ற மாபெரும் உருவத்தைப் பற்றி இருவரும் பேசி முடித்திருந்தார்கள். வரைந்து வந்த பக்கங்களில், பேசப்படாத ஒருவன் பலகைமேல் நின்றபடி வானத்தில் போய்க்கொண்டிருந்தான். இது யார் என்று லீ கேட்டார். இவ்வளவு பெரிய ஆள் வருகிறானென்றால் அவனுக்கு முன்னே சென்று அறிவிக்க ஒருவன் வேண்டாமா என்பதே கிர்பியின் நியாயம். பலகை எதற்கு என்றால், விண்கலங்களை வரைந்து வரைந்து அவருக்குச் சலித்துப் போயிருந்தது.

தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ராஜா வேடம் திரைக்குப் பின்னால் காத்திருக்க, கட்டியக்காரன்தான் முதலில் சபைக்கு வருவான்; அவன் சொல்லித்தான் வருகிறவர் யாரென்று நமக்குத் தெரியும். சில சமயம் ராஜாவைவிட அவனே ஊராரின் மனத்தில் நின்றுவிடுவதும் உண்டு. 1966 மார்ச் தேதியிட்ட 48-ஆம் இதழில் தொடங்கி மே மாதத்து 50-ஆம் இதழில் முடிந்த அந்த மூன்று பகுதிக் கதையிலும் அதுதான் நடந்தது. பூமியைத் தின்ன வந்த எசமானனுக்கு வழிகாட்டி வந்தவன், அலிஷியா மாஸ்டர்ஸ் என்ற பார்வையற்ற சிற்பியின் வீட்டில் விழுகிறான். அவள் பேச்சைக் கேட்டு மனம் மாறி எசமானனையே எதிர்க்கிறான். தோற்றுத் திரும்பும் கேலக்டஸ், போகிற போக்கில் அவனுக்குத் தண்டனை விதிக்கிறான்: இனி நீ விண்வெளிக்குத் திரும்ப முடியாது, இந்தப் பூமியோடு கிட.

விண்வெளியில் அலைவதற்கென்றே படைக்கப்பட்ட ஒரு நாயகன், அறிமுகமான கதையிலேயே விண்வெளியை இழக்கிறான் என்பதுதான் என்னைப் பொறுத்தவரை இந்த வரலாற்றின் மையம். அடுத்த இருபத்தொரு ஆண்டுகள், அதாவது 1987 வரை, அவனை வைத்துக் கதை எழுதியவர்கள் எல்லோரும் அந்தக் கூண்டுக்குள்தான் எழுத வேண்டியிருந்தது.

கூண்டு கதைக்குள் மட்டும் இருந்திருந்தால் பரவாயில்லை. கிர்பியின் மனத்தில் இருந்தவன் மனிதனே அல்லன்; கேலக்டஸ் ஆற்றலிலிருந்து உருவாக்கிய, மனிதரின் பழக்கவழக்கம் எதையும் அறியாத ஓர் இருப்பு. 1968 ஆகஸ்டில் அவனுக்கென்று தனி இதழ் தொடங்கியபோது, லீ அதை கிர்பிக்குத் தரவில்லை. ஜான் பியூசெமாவிடம் வரையக் கொடுத்தார். அதன் முதல் இதழில்தான் ஸென்-லா என்ற கோளும், நோரின் ராட் என்ற பெயரும், ஷல்லா-பால் என்ற காதலியும் வந்தார்கள். தன் கோளைக் காப்பாற்றுவதற்காகத் தன்னையே கேலக்டஸிடம் ஒப்படைத்த ஒரு மனிதன் என்று கதை மாறியது. தாம் படைத்தவனுக்கு வேறொருவர் பூர்வீகம் எழுதியது கிர்பியை உறுத்தியது. 1970-இல் அவர் மார்வெலை விட்டு விலகியதற்கு இருந்த பல மனக்கசப்புகளில் இதுவும் ஒன்றாக எண்ணப்படுகிறது.

இந்த வழக்கில் நான் கிர்பியின் பக்கம். எதையும் அறியாத ஒருவன் ஒரு பெண்ணின் சொல்லால் விழித்துக்கொள்கிறான் என்பது, ஏற்கெனவே நல்லவனாக இருந்தவன் மறுபடி நல்லவனாகிறான் என்பதைவிடப் பெரிய கற்பனை. ஆனால் வாசகரின் கண்ணீரை லீயின் கதைதான் சம்பாதித்தது என்பதை மறுக்க முடியாது. பாறை உச்சியில் நின்று மனித இனத்தின் கொடுமையை எண்ணி அவன் பக்கக்கணக்கில் புலம்புவதைப் படிக்கும்போது, பழைய நாடகக் கம்பெனியின் ராஜபார்ட் தனியே நின்று பேசுவது போலவே இருக்கும். அதைத் தாங்கிப் பிடித்தது பியூசெமாவின் கோடு.

அந்தத் தனித் தொடரில் வந்த 18 இதழ்களையும் கறுப்பு வெள்ளையில் ஒரே தொகுப்பாக மார்வெல் 1998-இல் மலிவுப் பதிப்பாக வெளியிட்டது. மதுரையில் ஒரு பழைய புத்தகக் கடையில் எனக்குக் கிடைத்த பிரதியை, பூஞ்சை பிடிக்காமலிருக்க அந்துருண்டை போட்டு வைத்திருக்கிறேன். வண்ணமே இல்லாத அந்தத் தாளில் வானம் முழுக்கக் கறுப்பாகவும் அவன் மட்டும் வெள்ளையாகவும் இருப்பது அசல் வண்ண இதழைவிட அழகு என்று சொன்னால் சேகரிப்பாளர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர்கள் உயிரை விடுவது 1969 தொடக்கத்தில் வந்த நான்காம் இதழுக்கு. மார்வெலின் இன்னொரு நாயகனான தோருடன் அவன் மோதுவது அதில்தான். இன்று எல்லோரும் கொண்டாடும் அந்த இதழில் புதிதாக ஏதேனும் செய்யவேண்டுமென்று பியூசெமா மெனக்கெட்டு வரைந்ததையும், கொண்டுபோய்க் காட்டியபோது லீ குறைகளை அடுக்கியதையும், இனி எப்படித்தான் வரைவது என்று தாம் சோர்ந்துபோனதையும் ஓவியரே பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

தொடரை வீழ்த்தியது கதையா விலையா என்று சொல்வது கடினம். மற்ற இதழ்கள் 12 சென்ட்டுக்கு விற்ற நாளில் இது கூடுதல் பக்கங்களோடு 25 சென்ட். சிறுவன் ஒருவன் அந்தக் காசில் வேறு இரண்டு இதழ்களை வாங்கிக்கொண்டு, ஒரு சென்ட் மிச்சமும் பிடிக்கலாம். எட்டாம் இதழிலிருந்து பக்கங்களைக் குறைத்து 15 சென்ட்டுக்குக் கொடுத்துப் பார்த்தும் விற்பனை நிமிரவில்லை. கடைசி முயற்சியாக 18-ஆம் இதழை, வேறு வழியின்றி, கிர்பியிடமே வரையக் கொடுத்தார்கள். அதன் இறுதிப் பக்கத்தில், பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவன் வெகுண்டெழுந்து இனி மனிதர்களோடு போர்தான் என்று சூளுரைக்கிறான். அடுத்த இதழில் புதிய சர்ஃபர் என்று அறிவிப்பும் இருக்கிறது. 1970 செப்டம்பர் தேதியிட்ட அந்த இதழுக்கு அடுத்த இதழ் வரவில்லை. எங்கள் ஊர் வாசகசாலையில் தொடர்கதையின் கடைசி அத்தியாயம் கிழிக்கப்பட்ட வார இதழ்களைப் படித்து வளர்ந்த எனக்கு அந்தக் கோபம் நன்றாகவே புரிந்தது.

எழுபதுகளைச் சீக்கிரமே கடந்துவிடலாம். 'டிஃபெண்டர்ஸ்' குழுவோடு வந்துபோனான். மற்றபடி அவனைப் பிறர் எழுதுவதை லீ விரும்பவில்லை. 1978-இல் லீயும் கிர்பியும் மீண்டும் கைகோத்து, ஃபென்டாஸ்டிக் ஃபோர் இல்லாமலேயே அவன் கதையைப் புத்தக வடிவில் மறுபடி சொன்னார்கள். அவர்கள் சேர்ந்து செய்த கடைசிப் படைப்பு அது.

1987-இல் ஸ்டீவ் எங்கல்ஹார்ட் எழுத, மார்ஷல் ரோஜர்ஸ் வரைய, புதிய தொடர் தொடங்கியது. எடுத்த எடுப்பிலேயே அவனைப் பூமியிலிருந்து வெளியே அனுப்பினார்கள். அந்தத் தொடர் 1998 வரை 146 இதழ்கள் ஓடியது. கூண்டு அவனுக்கு எவ்வளவு கெடுதல் செய்திருந்தது என்பதற்கு அந்தக் கணக்கே போதும். 1990-இல் 34-ஆம் இதழிலிருந்து ஜிம் ஸ்டார்லின் எழுத வந்தார். செத்துக் கிடந்த தானோஸ் என்ற வில்லனை எழுப்பிக்கொண்டு வந்தவர் அவர்தான். எங்கள் தகரப் பெட்டியில் கிடந்த நான்கும் ஸ்டார்லினும் ஓவியர் ரான் லிம்மும் செய்த இதழ்களே. அங்கிருந்து கதை 1991-இல் 'இன்ஃபினிட்டி கான்ட்லெட்' என்ற ஆறு இதழ்த் தொடருக்குப் போகிறது. தானோஸ் வருகிறான் என்று எச்சரிக்க, டாக்டர் ஸ்ட்ரேஞ்சின் வீட்டுக் கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுபவன் சர்ஃபர். 2018-இல் அந்தக் கதையைத் தழுவி வந்த திரைப்படத்தில் அதே இடத்தில் ஹல்க் வந்து விழுந்தான். சர்ஃபரின் திரை உரிமை அப்போது வேறு நிறுவனத்திடம் இருந்தது. திண்டுக்கல் திரையரங்கில் எல்லோரும் கைதட்ட, நான் ஒருவன் மட்டும், கட்டியக்காரனின் வேலையைப் பறித்துவிட்டார்களே என்று உட்கார்ந்திருந்தேன்.

இதற்கிடையே, 1988 முடிவில், பிரெஞ்சு ஓவியர் மோபியஸ் வரைய லீ எழுதிய 'பேரபிள்' இரண்டு இதழ்களாக வந்தது. கந்தலைப் போர்த்திக்கொண்டு தெருவோரத்தில் வாழும் சர்ஃபர். பூமிக்கு வந்து நானே கடவுள் என்று அறிவிக்கும் கேலக்டஸ். அவனுக்குத் தூதன் நானே என்று தொலைக்காட்சியில் முழங்கும் ஒரு மதபோதகன். லீ எழுதியவற்றில் இதுவே சிறந்தது என்பேன். மோபியஸின் மெலிந்த கோடு அவரையும் அடக்கிப் பேச வைத்திருக்கிறது. அதற்கு 1989-இல், அமெரிக்க காமிக்ஸ் உலகில் பெரிதாக மதிக்கப்படும் ஐஸ்னர் விருது கிடைத்தது.

பிறகு வந்தவற்றில் 2007-இன் 'ரெக்வியம்' அவன் மரணத்தைச் சொன்னது, 2019-இன் 'பிளாக்' ஓவியத்துக்காக வாங்கலாம், 2025-இல் வந்த ஃபென்டாஸ்டிக் ஃபோர் திரைப்படத்தில் ஷல்லா-பாலே பலகையில் ஏறிவிட்டாள்.

நான் வேண்டுமென்றே தாண்டி வந்தது, 2014 முதல் 2017 வரை டான் ஸ்லாட் எழுதி மைக் ஆல்ரெட் வரைந்த தொடரை. அதில் டான் கிரீன்வுட் என்று ஒரு பெண் வருகிறாள். சுற்றுலாப் பயணிகள் வந்து போகும் சிறிய ஊரில், அப்பா நடத்தும் விடுதியைக் கவனித்துக்கொண்டு, அந்த ஊரைவிட்டு எங்கும் போக விரும்பாதவள். உலகம் சுற்றுவதெல்லாம் அவளுடைய இரட்டைச் சகோதரி. அவளைத்தான் சர்ஃபர் பலகையில் ஏற்றிக்கொண்டு போகிறான். இதைப் படித்த அன்று, சீசன் முடிந்து ஒரு விருந்தினர்கூட இல்லாத வரவேற்பறையில், கணக்கு நோட்டுக்கு முன்னால் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்தத் தொடரின் 11-ஆம் இதழ், சிறந்த தனி இதழுக்கான ஐஸ்னர் விருதை 2016-இல் பெற்றது. ஒரே பாதையில் மீண்டும் மீண்டும் சுற்றும் பயணம் அதன் கதை. பக்கமும் அப்படியே சுற்றுகிறது. மேல் பாதியைப் படித்துக்கொண்டே போய், முடிவில் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பி, மறு பாதியைப் படித்தபடி தொடங்கிய இடத்துக்கே திரும்பி வரவேண்டும். வெளியேறும் வழியைக் கண்டுபிடித்தால்தான் கதை முடியும். போன சித்திரையில் மூன்றாவது சுற்றில் இருந்தபோது, பயணப் பையோடு ஒருவர் வந்து நின்று, அறை இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். சாவியை வாங்கிக்கொண்டு, "புத்தகத்தைத் தலைகீழா வெச்சுருக்கீங்க சார்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார்.