கையேடு எழுதிப் பிழைக்கிறவன்

பினாங்கு பயான் லெப்பாஸில் பதினோரு வருஷமாக இயந்திரக் கையேடு எழுதுகிறேன். “அப்படி என்னதான்டா எழுதுற?” என்று அம்மா இன்னும் கேட்கிறார்.

முதல் வருஷம், ஒரு கையேட்டில் மூடியைத் திறக்கச் சொல்லிவிட்டு, அடுத்த வரியில் ‘உள்ளே சூடாக இருக்கும், கவனம்’ என்று எழுதியிருந்தேன். இரவு ஷிப்ட் அக்கா ஒருவர் மணிக்கட்டைக் காட்டினார். இருபது காசு அளவுக்குச் சிவந்திருந்தது. “நான் வரிசையாத்தானே தம்பி படிச்சேன்” என்றார். திட்டியிருந்தால்கூடத் தூங்கியிருப்பேன். எச்சரிக்கை முதலில், செயல் பிறகு. இது இந்தத் தொழிலின் அரிச்சுவடி.

அப்புறம் எதை எழுதினாலும் தாளோடு தொழிற்சாலையின் உற்பத்தி லைனுக்கே போய் நிற்பேன். விமானப் பராமரிப்புக்காக உருவான எளிய ஆங்கில விதிகளில், செய்முறை வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக் கூடாது. எங்களுக்கு அது கட்டாயமில்லை, நானாகப் பிடித்துக்கொண்டேன். லைனில் நேப்பாளத்துப் பையன்கள், மலாய்க்காரர்கள், நம்மாட்கள். யாருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை.

சம்பளம்? பொறியாளரைவிடக் குறைவு, சரி. போன மாதம் பார்த்தேன், மெஷின் பக்கத்தில் என் தாளை ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஓரத்தில் அதே அக்காவின் கையெழுத்தில், பேனாவால் ஒரு வரி: ‘முதல்ல கையுறை’. அடுத்த பதிப்பில் சேர்த்துவிட்டேன்.