இருமுனையக் கோளாறு: தாதிமைத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு

பலதுறைத் தொழிற்கல்லூரியில் நான் தாதிமை பயின்ற மூன்றாண்டுகளில் என்னை அதிகம் திணறடித்தது மனநலப் பாடம்தான், அதிலும் மேனியா எனும் அளவுமீறிய மனவெழுச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனையக் கோளாறு. மூன்று நாள்களாக உறங்காமல், உட்கார்ந்து உண்ணாமல், வார்டில் ஓயாது நடக்கும் நோயாளிக்குத் தாதி முதலில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தேர்வில் கேட்டிருந்தார்கள். அவருடைய எண்ணங்களைப் பேசித் தெளிவுபடுத்த வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதினேன், மதிப்பெண் கிடைக்கவில்லை. மேனியா நிலையில் உடல் களைத்து, நீர் வற்றிப்போவதே உடனடி ஆபத்து என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வார்டுப் பயிற்சியின்போதுதான் அது புரிந்தது. அனுபவமிக்க தாதி ஒருவர் நோயாளியை உட்காரச் சொல்லாமல், அவரோடு சேர்ந்து நடந்தபடியே பாதி ரொட்டியைக் கையில் கொடுத்தார். சில அடி கழித்து மைலோக் குவளையை நீட்டி, "இதைக் குடிங்க" என்று மட்டும் சொன்னார். கையில் பிடித்து உண்ணும் உணவு, சுருக்கமான பேச்சு, சத்தமும் கூட்டமும் குறைந்த அறை, உறக்கம் ஆகியவற்றையே விடையில் முதலில் எழுதுங்கள்.

மனச்சோர்வுக் கட்டத்தில் தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகவே கேட்க வேண்டும். சோர்வு சற்று விலகிச் செயல்படும் தெம்பு திரும்பும் நாள்களில் கண்காணிப்பைத் தளர்த்தக் கூடாது.

இந்நோய்க்குத் தரப்படும் லித்தியம் என்ற மருந்துக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் இந்நோய்க்கு அதன் பயனை வெளியிட்டார். இரத்தத்தில் லித்தியத்தின் அளவைப் பார்க்கக் கடைசி வேளை மருந்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்க வேண்டும். அந்த அளவு பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கலாம், 1.5ஐத் தாண்டினால் நச்சாகும். எண்களை மனனம் செய்வதைவிடக் காரணத்தைப் பிடித்துக்கொள்வது நல்லது. உடலில் உப்பும் நீரும் குறையும்போது சிறுநீரகம் சோடியத்தோடு லித்தியத்தையும் சேர்த்தே தேக்கிவைக்கிறது. வாந்தி, வயிற்றுப்போக்கு, மிகுந்த வியர்வை ஆகியவை ஆபத்தாவது ஏன் என்பது இதிலிருந்தே விளங்கும். ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளும் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதைக் குறைப்பதால் ஆபத்தானவை. கை பெரிதாக நடுங்குவது, பேச்சு குழறுவது, நடை தள்ளாடுவது ஆகியவற்றைக் கண்டால், அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் நிறுத்தி உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் சிங்கப்பூர் மனநல ஆய்வின்படி 1.6 விழுக்காட்டினர் வாழ்நாளில் இந்நோய்க்கு ஆளாகிறார்கள். ஆகவே எலும்பு முறிவு வார்டில் பணியாற்றும் தாதிக்கும் இந்த அறிவு தேவை.

பயிற்சியின் கடைசி வாரத்தில் லித்தியம் உட்கொள்ளும் அம்மா ஒருவர், "தங்கச்சி, தைப்பூசத்துக்கு விரதம் இருந்து பால்குடம் எடுக்கலாமா?" என்று கேட்டார். உப்பில்லாமல் ஒருவேளை மட்டும் உண்டு, வெயிலில் டேங்க் ரோடு கோயில் வரை நடப்பது அவர் வழக்கம். அவருடைய நம்பிக்கையை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. "மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்கம்மா, உப்பையும் தண்ணியையும் குறைக்காதீங்க, டாக்டர்கிட்ட இப்பவே சொல்லிடுவோம்" என்று சொல்லி, அவர் கேட்டதை அப்படியே குறிப்பேட்டில் எழுதி மேற்பார்வைத் தாதியிடம் கொடுத்தேன்.