சுண்டக் காய்ச்சிப் பிழைத்த ஊர்

உருகுவே நாட்டின் மேற்கு விளிம்பில், உருகுவே என்றே பெயர் கொண்ட ஆற்றின் கரையில் இருக்கிறது ஃபிராய் பெந்தோஸ். மக்கள்தொகை ஏறத்தாழ 25,000. தலைநகர் மோன்டேவீடியோவிலிருந்து சாலை வழியே சுமார் 300 கிலோமீட்டர். ஆற்றின் அக்கரை அர்ஜென்டினா. ஃபிராய் பெந்தோஸில் உள்ள காகிதக்கூழ் ஆலையின் பராமரிப்பு நிறுத்தக் காலங்களில் கொதிகலன் ஆய்வுப் பொறியாளராகப் பணியாற்றியவன் என்ற முறையில், அந்த ஊரை நான் அறிந்தது அதன் ஆலை வழியாகத்தான். பின்னர் ஊரின் வரலாற்றைத் தெரிந்துகொண்டபோது, ஊருக்குச் சோறு போட்ட இரண்டு பெரிய ஆலைகளும் அடிப்படையில் ஒரே தொழிலைச் செய்தவை என்று எனக்குப் பட்டது. ஆற்றங்கரையில் எதையோ வேகவைத்து, அதன் சாற்றைச் சுண்டக் காய்ச்சுவதுதான் அந்தத் தொழில்.

நான் வேலை பார்த்த ஆலையில் வேகவைக்கப்படுவது தைலமரம். மரச்சில்லுகளைக் காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்ஃபைடும் கலந்த திரவத்தில் அழுத்தத்துடன் வேகவைத்தால் நார் தனியே பிரிந்துவிடும். நாரைப் பிணைத்திருந்த லிக்னின் கரைந்து கறுப்புத் திரவமாக வெளியேறும். தண்ணீராக இருக்கும் அந்தத் திரவத்தை அடுத்தடுத்த ஆவியாக்கிகளில் செலுத்தி, பாகு பதத்துக்குக் கெட்டிப்படுத்தி, மீட்புக் கொதிகலனுக்குள் தெளித்து எரிப்பார்கள். அந்த வெப்பத்தில் நீராவியும், நீராவியில் மின்சாரமும் கிடைக்கின்றன. ரசாயனங்கள் உருகிய உப்பாக அடியில் வழிந்து, மறுபடி மரத்தை வேகவைக்கப் போகின்றன. ஆலையின் தேவைக்கு மிஞ்சும் மின்சாரம் நாட்டின் மின்கட்டமைப்புக்குச் செல்கிறது.

இந்த வகைக் கொதிகலனின் பெரிய அபாயம் தண்ணீர். சுவர்க் குழாய்களில் ஒன்று கசிந்து, நீர் அந்த உருகிய உப்பின் மேல் விழுந்தால் வெடிக்கும். ஆகவே ஆலை நின்று, உலையைக் கழுவி, சாரம் கட்டி முடித்ததும் நாங்கள் உள்ளே இறங்கி, குழாய்ச் சுவரின் தடிமனைப் புள்ளி புள்ளியாக அளப்போம். அளக்கும் இடத்தை உலோகம் மின்னும்வரை தேய்த்து, பசையைத் தடவி, மீயொலிக் கருவியின் முனையை அழுத்தினால் திரையில் எண் தெரியும். சென்ற நிறுத்தத்தின்போது எடுத்த எண்ணோடு அதை ஒப்பிட்டு, ஒரு மில்லிமீட்டரில் எத்தனை பங்கு தேய்ந்திருக்கிறது என்று குறிப்பதுதான் வேலை. மிகவும் சலிப்பூட்டும் வேலைதான்; ஆனால் மறுபடி நெருப்பு மூட்டலாமா என்ற முடிவு அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் எடுக்கப்படும்.

சாரம் கட்டும் குழுவின் மேற்பார்வையாளர் உள்ளூர்க்காரர். அந்நாட்டு வழக்கப்படி வெந்நீர்க் குடுவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இடைவேளைகளில் ஒரே குடுக்கையில் மாத்தே பானத்தை எல்லாருக்கும் சுற்றுக்கு விடுவார். அவருடைய தகப்பனார் பழைய இறைச்சி ஆலையில் டப்பா அடைக்கும் பிரிவில் இருந்தவர். விடுமுறை நாளொன்றில் அந்த ஆலையை எனக்குச் சுற்றிக்காட்டியவரும் அவரே.

அதன் கதை ஜெர்மானிய வேதியியலாளர் யூஸ்டுஸ் ஃபான் லீபிக்கிடம் தொடங்குகிறது. மாட்டிறைச்சியை நீரில் வேகவைத்து, கொழுப்பை நீக்கி, சாற்றைச் சுண்டக் காய்ச்சினால் கிடைக்கும் பழுப்பு நிறப் பசையைப் பற்றி அவர் 1847-இல் எழுதினார். ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் மலிவான ஊட்டம் கிடைக்கும் என்பது அவர் எண்ணம். ஆனால் 1 கிலோ சாறெடுக்க ஏறத்தாழ 30 கிலோ இறைச்சி வேண்டும். ஐரோப்பிய விலையில் அது கட்டுபடியாகவில்லை. தென் அமெரிக்கப் புல்வெளிகளிலோ மாட்டைத் தோலுக்கும் கொழுப்புக்கும்தான் அறுத்தார்கள். இறைச்சியில் பெரும்பகுதி வீணாயிற்று. இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டவர் கீயோர்க் கீபெர்ட் என்னும் பொறியாளர். 1859-இல்தான் தோன்றியிருந்த சிற்றூரான ஃபிராய் பெந்தோஸின் ஆற்றங்கரையில், பெரிய கப்பல்கள் வந்து நிற்கும் அளவுக்கு ஆழமான இடத்தில், அவர் உற்பத்தியைத் தொடங்கினார். 1865-இல் லண்டனில் லீபிக் இறைச்சிச்சாறு நிறுவனம் பதிவானது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், வேண்டாமென்று எறிந்ததை விலைக்கு விற்ற கெட்டிக்காரத்தனம் அது.

அதன்பிறகு எதுவும் எறியப்படவில்லை. 1870-களில் டப்பாவில் அடைத்த உப்பிட்ட மாட்டிறைச்சி வந்தது. தோல், எலும்பு, கொம்பு, கொழுப்பு, இரத்தம் எல்லாம் ஒவ்வொரு சரக்காக மாறின. மாட்டின் கத்தலைத் தவிர மற்றதெல்லாம் இங்கே பயன்பட்டது என்பது இன்றும் ஊரில் வழங்கும் பேச்சு. 1883-இல் உருகுவே நாட்டிலேயே முதல் மின்விளக்கு எரிந்தது இந்த ஆலையில்தான். தலைநகருக்கு அது பிறகே வந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்தவர்கள் வேலை தேடி வந்து சேர்ந்தார்கள். நிறுவனம் கட்டிய தொழிலாளர் குடியிருப்பு பாரியோ ஆங்லோ என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. மேலாளரின் மாளிகை மேட்டிலும் தொழிலாளர் வீடுகள் சற்றுத் தள்ளியும் அமைந்திருப்பதைப் பார்த்தால், யார் யாருக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தார்கள் என்பதை வரைபடம் இல்லாமலே சொல்லிவிடலாம்.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் உணவே இந்த ஊர்ப் பெயர் பொறித்த டப்பாக்கள்தான். 1917-இல் பெல்ஜியப் போர்க்களத்தில் சேற்றில் சிக்கிக்கொண்ட பிரிட்டிஷ் டாங்கி ஒன்றுக்குக்கூட ஃபிராய் பெந்தோஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். டப்பாவுக்குள் அடைபட்ட இறைச்சி நாங்கள் என்ற சிப்பாய்களின் கேலியாக இருக்கவேண்டும். 1924-இல் ஆலை வெஸ்டி என்னும் பிரிட்டிஷ் குழுமத்தின் கைக்கு மாறி, ஆங்லோ என்று பெயர் பெற்றது. இரண்டாம் உலகப் போர் மறுபடி அதற்கு வாழ்வு கொடுத்தது. போர் முடிந்தபின் சரிவு. 1964-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் பரவிய டைஃபாய்டுக்குக் காரணம் அர்ஜென்டினாவிலிருந்து போன டப்பா இறைச்சி என்று தெரிந்ததும், தென் அமெரிக்க டப்பாக்கள் எல்லாவற்றின் மேலும் சந்தேகம் விழுந்தது. 1973-இல் பிரிட்டன் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்ததோடு பழைய சந்தையும் சுருங்கிற்று. அதற்கு முன்பே அரசிடம் வந்துவிட்டிருந்த ஆலை 1979-இல் மூடப்பட்டது.

இப்போது அது அருங்காட்சியகம். 2015-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அலுவலக அறையில் மேசைகளும் கணக்குப் பேரேடுகளும் அப்படியே இருக்கின்றன. என் கால்கள் நின்றது இயந்திரக் கூடத்தில்தான். குளிர்ப்பதன அமுக்கிகளின் பெரிய சக்கரங்களையும் சுவரோரம் வரிசையாக நின்ற அழுத்தமானிகளையும் பார்த்தால், எண்ணெய் விட்டுத் துடைத்த கைகளின் ஒழுங்கு இன்னும் தெரிகிறது. சாறு காய்ச்சிய முறையை நண்பர் விளக்கியபோது, நீராவி அங்கே செய்த வேலையும் நான் தினமும் பார்க்கும் ஆவியாக்கிகளில் செய்யும் வேலையும் ஒன்றே என்று சொன்னேன். அதற்கு அவர், ஒரு வேறுபாடு இருக்கிறது, அங்கே சுண்டியதை உலகம் சாப்பிட்டது, இங்கே சுண்டியதை நாம் எரித்துவிடுகிறோம் என்றார்.

எனக்குத் தெரிந்து முக்கியமான வேறுபாடு ஆட்களின் எண்ணிக்கை. பழைய ஆலை நல்ல காலத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுத்தது. 2007 நவம்பரில் போத்னியா என்னும் ஃபின்லாந்து நிறுவனம் தொடங்கி, பின்னர் யூபிஎம் என்னும் மற்றொரு ஃபின்லாந்து நிறுவனத்தின் வசம் வந்த கூழ் ஆலை, ஆண்டுக்கு 10 லட்சம் டன்னுக்கு மேல் கூழ் செய்தும் உள்ளே நேரடியாக வைத்திருப்பது சில நூறு பேரைத்தான். காடு வளர்ப்பிலும் லாரிகளிலும் மேலும் பலருக்குப் பிழைப்பு உண்டு. ஆனால் அவர்கள் நாடெங்கும் சிதறிக் கிடக்கிறார்கள், ஊருக்குள் இல்லை. நிறுத்தக் காலத்தில் எங்களைப் போன்ற வெளியூர் ஒப்பந்தக்காரர்கள் வந்து குவிந்து, விடுதிகளும் உணவகங்களும் நிரம்பி வழியும்; கொதிகலனில் நெருப்பு மூட்டியதும் எல்லாரும் கிளம்பிவிடுவோம். ஊர் அதை நம்பியும் இருக்கிறது, அதற்காகக் கொஞ்சம் எரிச்சலும் படுகிறது.

இத்தனை குறைந்த வேலைகளுக்காகவா அண்டை நாட்டோடு அத்தனை பெரிய சண்டை என்று வெளியாட்கள் கேட்பதுண்டு. ஆறு மாசுபடும் என்று அஞ்சிய, அக்கரை அர்ஜென்டின நகரமான குவாலேகுவாய்சுவின் மக்கள், இரு கரைகளையும் இணைக்கும் சான் மார்ட்டின் பாலத்துக்குப் போகும் சாலையை 2010 வரை ஆண்டுக்கணக்கில் மறித்தார்கள். வழக்கு சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. ஆற்றைப் பற்றிய 1975 ஒப்பந்தத்தின்படி முன்கூட்டி அறிவித்துக் கலந்துபேசத் தவறியது உருகுவேயின் குற்றம், ஆனால் ஆற்றை மாசுபடுத்தியது மெய்ப்பிக்கப்படவில்லை என்று 2010 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. அக்கரையில் சொந்தங்கள் உள்ள குடும்பங்கள் பல. சாலை மறிக்கப்பட்டிருந்த ஆண்டுகளைப் பற்றி அவர்கள் கோபத்தைவிடக் கூச்சத்தோடுதான் பேசினார்கள்.

அக்கரை மக்களின் அச்சத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன். ஆலைக் கழிவுநீரைப் பற்றி ஐயப்படுவது ஆற்றங்கரையில் வாழ்பவர்களின் உரிமை. அதேபோல் இக்கரையில் ஊரே ஆலையின் பக்கம் நின்றதும் எனக்கு வியப்பில்லை. 1979-க்கும் 2007-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், படித்த பிள்ளைகள் மோன்டேவீடியோவுக்குக் கிளம்பிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஊர் அது. பெரிய ஆலை இல்லாமல் இருப்பது எப்படி என்பதை அனுபவித்து அறிந்தவர்களிடம், வேலைகள் குறைவு என்ற வாதம் எடுபடாது.

2023-இல் யூபிஎம் நிறுவனம் நாட்டின் நடுப்பகுதியில், பாசோ தே லோஸ் தோரோஸ் அருகே, ஆண்டுக்கு 21 லட்சம் டன் திறனுள்ள ஆலையைத் தொடங்கியது. என் நண்பரின் மகன் இப்போது அங்கே ஆவியாக்கிப் பிரிவில் இயந்திரங்களை இயக்கும் பணியில் இருக்கிறார். தொழிலைக் கற்றது ஃபிராய் பெந்தோஸில்.